வயரிங்: சரி

எங்கள் பழம்பொருள் கடைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அந்த அட்டையை நான்தான் திருத்தி அமைத்தேன். என்ன பொருள், எந்த நாட்டு வேலை, எந்தப் பாணி, எங்கே கீறல், எங்கே ஒட்டு, எந்தப் பாகம் பிற்பாடு சேர்த்தது என்று வரிசையாகக் கட்டங்கள். விளக்காக இருந்தால் கடைசியில் 'வயரிங்' என்று ஒரு கட்டம் கூடுதல். அதற்குப் பக்கத்தில் ஒரு டிக், அதன் கீழே கையெழுத்து.

முன்பெல்லாம் அந்தக் கட்டத்தை நான் தொட்டதில்லை. புதன்கிழமைதோறும் ஓர் எலக்ட்ரீஷியன் வருவார். வந்திருக்கும் விளக்குகளை எல்லாம் தரையில் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவார். ஒரு விளக்குக்கு அரைமணி நேரம் எடுப்பார். நான் மாலை வகுப்பில் வயரிங் படிக்கச் சேர்ந்திருப்பது முதலாளிக்குத் தெரியவந்ததும் அவரை நிறுத்திவிட்டார்.

"வீட்டுல கறவை மாடு நிக்குது, நான் ஏம்மா வெளிய பால் வாங்கணும்?" என்றார்.

"சார், நான் சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. மொத்தம் நாப்பது வாரம்."

"வயர் புதுசா பழசான்னு பாக்கறதுக்கு நாப்பது வாரமா? என் பேரன் பாப்பான்."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. யாராவது என்னை நம்பி ஒன்றைக் கொடுத்தால் அந்த நம்பிக்கை தப்பாக இருக்குமோ என்று சந்தேகப்படுவதற்குள்ளேயே வாங்கிக்கொண்டுவிடுகிற சுபாவம் எனக்கு. மற்றபடி நான் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று படி இறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அக்கா கீழே நின்றுகொண்டு, "பூட்டுக்கே உன்னைப் பாத்து வெக்கமா இருக்கும்" என்பாள்.

அந்தப் பிரெஞ்சு விளக்கு வந்தது நான் டிக் போட ஆரம்பித்த முதல் வாரத்தில். என் தோள் உயரத்துக்கு மேல் ஒரு சாண். முழுக்கப் பித்தளை. கிரேக்கக் கோயில் தூணைச் சிறிதாக்கி நிறுத்தியதுபோல நெடுக வரிப்பள்ளங்கள். நடுவில் இலைகளால் பின்னிய ஒரு வளையம். தலைப்பில் சுருண்ட இலைகள். அடியில் மூன்று சிங்கப் பாதங்கள்.

மெருகு போடுகிற அண்ணனைக் கடையில் எல்லோரும் மினுக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் பாதங்களைத் துணியால் தேய்த்துக்கொண்டே, "மூணு கால்தான் இருக்கு. நாலாவது காலைச் சிங்கம் தர மாட்டேன்னுடுச்சு போல" என்றார்.

நான் அட்டையில் எழுதினேன்: நிற்கும் விளக்கு, பிரெஞ்சு, நியோகிளாசிக்கல் பாணி, வார்ப்புப் பித்தளை, பாதம் ஒன்றில் சிறு நசுங்கல். அடித்தட்டின் நடுத் துளையை மூடி ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துணி பூச்சி அரித்திருந்ததால் மினுக்கு அண்ணன் அதைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டியிருந்தார். நான் விளக்கைச் சாய்க்கப் போனபோது, "தங்கச்சி, பசை காயல. கவுக்காத" என்றார். வாங்குகிறவர்கள் அன்று மதியமே வருவதாக இருந்தது.

வெளியே தெரிந்த வயரைப் பார்த்தேன். தங்க நிறத் துணி சுற்றிய வயர். விரலில் வளைத்துப் பார்த்தேன், மெதுவாக வளைந்தது. துணி நுனியில் நார் பிரியவில்லை. இரண்டு முள் கொண்ட பிளக் பளிச்சென்று இருந்தது. பழைய வயரை எப்படி அடையாளம் காண்பது என்று முந்தின நாள் வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: வளைத்தால் முறுக்கிக்கொள்ளும், ரப்பர் வாசனை வரும், துணி பொடியும். இதில் எதுவும் இல்லை. கேள்வித்தாளில் படித்த பாடமே வந்துவிட்ட மாணவியைப் போல நான் சந்தோஷப்பட்டேன். பல்பைப் போட்டு எரியவைத்தேன். எரிந்தது. டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். திரும்பவும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வாங்கியவர் ஒரு பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. தன் மாமனார் சாயங்காலத்தில் உட்கார்ந்து படிப்பதற்காக என்று சொன்னார். அட்டையை நிதானமாகப் படித்தார். "வயரிங் பாத்தாச்சா?" என்று கேட்டார். அட்டையைத்தான் காட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்றரை வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை மாலை வகுப்பில், ஆசிரியை ஒரு பழைய மேசை விளக்கைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பகல் வேலை, அதே சட்டையோடு வகுப்புக்கு வந்துவிடுவார்.

"இந்த வயரைப் பாத்துட்டு யாரெல்லாம் டிக் போடுவீங்க?" என்றார்.

பதினோரு பேர் இருந்தோம். ஒன்பது பேர் கை தூக்கினோம். வயர் புத்தம் புதிது.

அவர் விளக்கைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தார். உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சுக்கு இந்தப் பக்கம் புது வயர். அந்தப் பக்கம், விளக்கின் தண்டுக்குள் ஏறுவது, எப்போதோ போட்ட ரப்பர் வயர். அதை நகத்தால் தொட்டார். ரப்பர் தேயிலைத் தூள் மாதிரி கொட்டியது. உள்ளே செம்புக் கம்பி நிர்வாணமாகத் தெரிந்தது.

"வெளிய புதுச் சட்டை, உள்ள கிழிஞ்ச பனியன். தண்டுக்குள்ள விட்டு எடுக்கறது சள்ளை புடிச்ச வேலை. அதனால அடியில வெட்டி ஒட்டு போட்டுட்டுப் போயிடுவாங்க. இந்த ஒடம்பு பூரா உலோகம். கம்பி ஒடம்பைத் தொட்டா என்ன ஆகும்?"

யாரோ பதில் சொன்னார்கள். எனக்குக் காதில் விழவில்லை. வகுப்பு முடியும்வரை நான் நோட்டில் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தேன் என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். 'நான் கவிழ்க்கவில்லை.'

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஒட்டு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஏன் இல்லாத பாம்பை அடிக்கற? எரிஞ்சுதா இல்லியா?"

"எரிஞ்சுது. எரியறதுக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லக்கா."

"நீ எதுலதான் திருப்தி ஆவ? பூட்டுனதையே பூட்டலைன்னு நெனைக்கறவ நீ. இதுவும் அதே கேஸுதான். பேசாம தூங்கு."

அவள் சொன்னதில் இருந்த நியாயம்தான் என்னைக் கலக்கியது. பூட்டை நான் எத்தனையோ தடவை சந்தேகப்பட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அது திறந்திருந்ததில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இதுவும் வீண் பயமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பூட்டை நான் பூட்டியது எனக்கு ஞாபகம் இருக்கும். விளக்கைக் கவிழ்த்தது ஞாபகத்தில் இல்லை, ஏனென்றால் கவிழ்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே போனேன். மினுக்கு அண்ணன் பின்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த மூணு கால் விளக்கு. துணி ஒட்டறப்ப அடியில என்ன பாத்தீங்க?"

"என்ன பாக்கணும்?"

"உள்ள வயர் எப்படி இருந்துது?"

அவர் யோசித்தார். "கறுப்பா டேப்பு உருண்டை ஒண்ணு இருந்துச்சு. எலுமிச்சம்பழம் சைஸுக்கு. அதை உள்ள தள்ளிட்டுத்தான் துணியை ஒட்டினேன். உருண்டை உள்ள நிக்க மாட்டேன்னுச்சு."

"என்கிட்ட சொல்லலியேண்ணே."

"துணி என் வேலை, வயர் உன் வேலை. உன் எலையில நான் எதுக்குக் கை வைக்கணும்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன், என்னாச்சு?"

நான் முன்பக்கம் போய் விற்பனை நோட்டைத் திறந்து டாக்டரின் எண்ணை எடுத்துக் கூப்பிட்டேன். கிளினிக்கில் ஒரு பெண் எடுத்தாள். டாக்டர் ஒரு நோயாளியோடு இருப்பதாகச் சொன்னாள். "மேல வீட்டுல இருக்கற பித்தளை விளக்கைத் தொட வேண்டாம், பிளக்கைச் சுவத்துலேர்ந்து எடுத்துடச் சொல்லுங்க" என்றேன். எந்தக் கடை என்று கேட்டாள். சொன்னேன். சற்று நேரம் யாரோ யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "சரின்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். அந்தச் 'சரி' எப்படிப்பட்ட சரி என்பது அதன் சுருக்கத்திலேயே தெரிந்தது.

முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் தவறு, என் கையெழுத்து, வேலை போகலாம் என்று வரிசையாக மனதில் தயார் செய்துகொண்டுதான் போனேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒட்டு இருக்கறது உறுதியா?"

"அண்ணன் பாத்திருக்கார் சார்."

"அப்ப அது ஆபத்து. கண்டிப்பா ஆபத்து. உடனே போய் எடுத்துட்டு வந்துடு. வேன் எடுத்துக்க, மினுக்கைக் கூட்டிட்டுப் போ. ரெண்டு கம்பளி போட்டுச் சுத்து, கீறல் படக் கூடாது."

"எலக்ட்ரீஷியனை அங்கயே கூட்டிட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொடுத்துடலாம் சார்."

"அதெல்லாம் வேணாம். கடைக்கு வரட்டும். அவங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம். பாவம், ஆபத்தான பொருளை ஜனங்க வீட்டுல விட்டு வைக்கலாமா?"

அவர் யாரையாவது பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. என் குரலை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டால் அவர் ஏன் கேட்கிறார் என்று யோசிக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

வேனில் போகும்போது மினுக்கு அண்ணன் சொன்னார்: "போன வாரம் ஒரு ஆள் வந்தாருல்ல, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெளியூர் வியாபாரி? சாருகிட்ட போட்டோ கேட்டாரு. அந்த விளக்கோட ஜோடி அவருகிட்ட இருக்காம். ரெண்டும் சேந்தா வேற விலையாம். சார் அன்னிக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை."

"என்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீ அட்டை எழுதறவ. உன்கிட்ட எதுக்குச் சொல்வாங்க?"

பின்னால் இரண்டு கம்பளிகள் மடித்து வைத்திருந்தன. நான் திரும்பி ஒரு தடவை பார்த்தேன்.

கிளினிக்குக்கு மதிய இடைவேளை. டாக்டர் கதவைத் திறந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் மாடிக்கு வந்திருந்தார். அண்ணனைக் கீழே வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறிப் போனேன்.

விளக்கு ஜன்னல் ஓரமாக, ஒரு சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. பிளக் சுவரில்தான் இருந்தது. நாற்காலியில் அவருடைய மாமனார் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். எழுபது வயதிருக்கும். ரப்பர் செருப்பு போட்டிருந்தார். இரண்டு கையையும் தொடைமேல் கவிழ்த்து வைத்திருந்தார், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்கள் மாதிரி.

"பிளக்கை எடுக்கச் சொன்னேனே டாக்டர்."

"சொன்னீங்க." அவர் கையைக் கட்டிக்கொண்டார். "போன வாரம் உங்க முதலாளி கூப்பிட்டார். இந்த விளக்கு வேணாம், இதைவிட நல்லதா ஒண்ணு தர்றேன்னார். மாட்டேன்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி கூப்பிட்டார். சொந்தக்காரர் ஒருத்தர் கேக்கறார், கொஞ்சம் கூடப் போட்டுத் தர்றேன்னார். மாட்டேன்னேன். இன்னிக்கு நீங்க வந்து, தொட்டா செத்துடுவோம்ங்கறீங்க. நேத்து வரைக்கும் நல்ல விளக்கு, இன்னிக்குக் கொலைகார விளக்காயிடுச்சா?"

முதலாளி கூப்பிட்டது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னாலும் அவர் நம்புவதற்குக் காரணம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரப் போறீங்க. அதானே?" என்றார் டாக்டர். "போனா திரும்பி வருமா? நேராப் பதில் சொல்லுங்க."

கீழே வேனில் கம்பளிகள் இருந்தன. 'வரும் டாக்டர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விளக்கு அந்த அறையை விட்டுப் போய்விடும், இந்தக் குடும்பத்துக்கு ஆபத்து இல்லை, என் வேலையும் இருக்கும். எல்லோருக்கும் நல்லது என்பதைப் போலவே அது இருந்தது.

"வராது" என்றேன். "கொடுக்காதீங்க. அவர் திருப்பித் தர மாட்டார்."

டாக்டர் கையைக் கட்டியபடியே இருந்தார், ஆனால் முகம் மாறியது. "அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வயரிங் சரின்னு டிக் போட்டது நான். உள்ள பாக்காம போட்டுட்டேன். அதைச் சொல்லத்தான்."

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். வகுப்பில் வாங்கச் சொன்னது. கைப்பிடிக்குள் ஒரு சின்ன விளக்கு இருக்கும், மின்சாரம் இருக்கிற இடத்தில் நுனியை வைத்தால் சிவப்பாக மினுங்கும். முதலில் சுவரில் இருந்த இன்னொரு துளையில் வைத்துக் காட்டினேன், மினுங்கியது. பிறகு பிரெஞ்சு விளக்கைப் போட்டுவிட்டு, அதன் தூணில் நுனியை வைத்தேன்.

மினுங்கவில்லை.

பாதத்தில் வைத்தேன். இலை வளையத்தில் வைத்தேன். எங்கும் இல்லை. நான் வகுப்பில் தவறாகப் புரிந்துகொண்டேனா, அண்ணன் பார்த்தது வேறு விளக்கா, அக்கா சொன்னதுதான் சரியா என்று சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"முடிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

அப்போதுதான் பெரியவர் வாயைத் திறந்தார். "ஏம்மா, சில நாள் இருந்து சில நாள் இல்லாம இருக்குமா அது?"

"எது சார்?"

"கையில எறும்பு ஊர்ற மாதிரி."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "மாமா, அது நரம்பு. நரம்பு டாக்டரே சொன்னாருல்ல."

"சொன்னாரு. நான் இல்லைன்னு சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்."

"எப்ப ஊரும் சார்?"

"சாயங்காலம், படிக்கறப்ப. வெளிச்சம் பத்தலைன்னா விளக்கைக் கழுத்தைப் புடிச்சுக் கிட்ட இழுத்துக்குவேன். அப்ப. ஒரு நாள் இருக்கும், அடுத்த நாள் இருக்காது. அதான் அந்த டாக்டருக்கே பிடிபடல."

"இந்த பிளக்கை யாரு மாட்டறது?"

"நான்தான். ராத்திரி கழட்டிடுவேன், காலையில எழுந்ததும் மாட்டுவேன். வண்டி ஓட்டுன காலத்துலேர்ந்து பழக்கம். வேலை முடிஞ்சா சாவியை எடுத்துடணும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு முள் பிளக்கை எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் உள்ளே ரப்பர் உதிர்ந்த கம்பியில் மின்சாரம் வராது, மறு கம்பியில் வரும். திருப்பிச் செருகினால் உதிர்ந்த கம்பியிலேயே வரும், அங்கிருந்து பித்தளைக்கு. இரண்டிலும் பல்பு ஒரே மாதிரிதான் எரியும்.

பிளக்கைக் கழற்றினேன். திருப்பிச் செருகினேன். டெஸ்டரை இலை வளையத்தில் வைத்தேன்.

சிவப்பாக மினுங்கியது. பாதத்தில் வைத்தேன். நசுங்கல் இருந்த பாதம். அங்கேயும்.

டாக்டர் கிட்டே வந்து குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். கையை நீட்டப் போனவர் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"இந்தத் தரையைத் தண்ணி போட்டுத் துடைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை. நான்தான் துடைப்பேன். வெறுங்காலோட" என்றார் டாக்டர்.

பிளக்கை எடுத்துவிட்டு, விளக்கை நாங்கள் இருவருமாக, டாக்டர் கொண்டுவந்து விரித்த கம்பளத்தின்மேல் படுக்கவைத்தோம். பச்சைத் துணியைக் கிழித்தேன். எலுமிச்சம்பழ அளவு கறுப்பு உருண்டை வெளியே வந்தது. தண்டுக்குள் போகும் பழைய வயரை டெஸ்டர் நுனியால் தொட்டதும் கறுப்புத் தூள் கம்பளத்தில் கொட்டியது. தூளையும் என்னையும் டாக்டர் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார்.

"நாப்பத்தோரு வருஷம் டாக்ஸி ஓட்டுனேம்மா" என்றார். "இந்தக் கை மரத்துப் போச்சுன்னாங்க. ஸ்டியரிங்கைப் புடிக்கறப்ப ஊர்ந்தா என்ன ஆகும், எதிர்ல வர்றவன் என்ன பாவம் பண்ணினான்னு நான்தான் சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை வண்டியைக் குடுத்துட்டோம்."

"நீங்க சொல்லல மாமா. நான்தான் சொன்னேன்" என்றார் டாக்டர். "நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"யாரு சொன்னா என்ன. வாங்கினவன் வண்டியில பின்னாடி பாக்கற கண்ணாடியைக் கழட்டிட்டு வேற மாட்டிட்டானாம்."

மன்னிப்புக் கேட்டேன். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. பெரியவர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டார் என்பதற்கா, கேட்டது காதில் விழுந்தது என்பதற்கா, தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"மூணு வாரமா என் கையையே நான் நம்பல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, கையிடம்தான் சொன்னார்.

டாக்டரிடம் கத்தரி கேட்டேன். கம்பி வெட்டும் சின்ன இடுக்கி ஒன்றைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தார். பிளக்குக்கு மேலே ஒரு முழம் விட்டு வயரை வெட்டினேன். இனி யாரும் மறந்துபோய் மாட்ட முடியாது. பிளக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"நல்ல எலக்ட்ரீஷியனா பாத்து, தண்டுக்குள்ள முழுசாப் புது வயர் போடச் சொல்லுங்க. எர்த்தும் கொடுத்து, மூணு முள் பிளக் போடச் சொல்லுங்க. நான் போட மாட்டேன். எனக்கு இன்னும் தெரியாது."

அவர் தன் மருந்துச்சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். "நடந்ததை எழுதிக் கொடுங்க."

எழுதினேன். பார்க்காமல் டிக் போட்டது, கையெழுத்து என்னுடையது, உள்ளே இருந்த ஒட்டு, எந்தப் பக்கம் செருகினால் விளக்கின் உடம்பில் மின்சாரம் வருகிறது. அட்டை எழுதும் பழக்கத்தில் வரிசையாக வந்தது. தேதி போட்டேன். அவர் நின்றபடியே படித்தார். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"இதே மாதிரி வேற எத்தனை விளக்குக்கு டிக் போட்டீங்க?"

அந்தக் கேள்வி முந்தின இரவு முழுக்க எனக்கு வரவில்லை. இந்த விளக்கைத் தவிர வேறு எதையும் நான் நினைத்திருக்கவில்லை.

"இதைச் சேத்து ஆறு" என்றேன். "ஒண்ணு இன்னும் கடையில இருக்கு. நாலு வித்துப் போச்சு."

"அதுல எல்லாம் உள்ள பாத்தீங்களா?"

"ரெண்டுல பாத்தேன். கழட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. மத்த ரெண்டுல…" யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒன்று நீலக் கண்ணாடி வைத்த தொங்கு விளக்கு, இன்னொன்று பறவை உருவம் வைத்த வெண்கல மேசை விளக்கு. "தெரியல."

"அப்ப இங்க ஏன் நிக்கறீங்க?" என்றார்.

கீழே இறங்கினேன். மினுக்கு அண்ணன் வேனின் பின்கதவைத் திறந்து, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார்.

"எங்க சிங்கம்?"

"வராதுண்ணே. போகலாம்."

அவர் கதவைச் சாத்தினார். பாதி வழியில், "சார் உன்னை உரிச்சு உப்பு தடவுவாரு" என்றார்.

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். வேன் காலியாக இருப்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே போய் நடந்ததைச் சொன்னேன். திருப்பித் தர மாட்டீர்கள் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம். ஆனால் பாதியை மட்டும் சொல்வது எனக்கு வராது, எந்தப் பாதியை விட்டேன் என்று ராத்திரி முழுக்கத் தேடுவேன்.

"என் கடை வேன்ல போய், என் சம்பளத்துல, என்னையே திருடன்னு சொல்லிட்டு வந்திருக்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வயரையும் வெட்டிட்ட."

"சார், இன்னும் ரெண்டு விளக்கு இருக்கு. நோட்டைக் கொடுங்க, விலாசம் எடுத்துக்கறேன்."

"அங்கயும் போய் எழுதிக் கொடுக்கப் போறியா?"

"ஆமா சார்."

அவர் மேசைமேல் இருந்த விற்பனை நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நாளைலேர்ந்து நீ வர வேணாம். வேலை செஞ்ச நாளுக்குச் சம்பளம் உன் அக்கா வீட்டுக்கு வரும்." தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடையில் வேறு யாரும் இல்லை. மினுக்கு அண்ணன் ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்:

"நீலக் கண்ணாடி விளக்கு, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துத் தெரு. கடைசி வீடு, மாடி. ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. நானும் வேன்காரனும்தான் தூக்கிட்டுப் போனோம். படியில என் கால் முட்டி பேந்துச்சு, அதான் ஞாபகம்."

கையில் எழுதிக்கொண்டேன். "பறவை விளக்குண்ணே?"

துணி நின்றது. "அது நான் கொண்டு போகல. வாங்கினவரே கார்ல வச்சுக்கிட்டாரு. உயரமா ஒரு ஆளு. சின்னக் குழந்தையைத் தோள்ல தூக்கி வச்சிருந்தாரு."

"எந்தப் பக்கம் போனார்?"

"எல்லாரும் போற பக்கம்தான் தங்கச்சி, ரோட்டுப் பக்கம்." அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "விலாசம் நோட்டுல இருக்கும்."

நான் முதலாளியின் அறைக் கதவுக்குப் போய்த் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் சார். ஒரே ஒரு விலாசம். பறவை விளக்கு வாங்கினவர்."

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பின்னால் அண்ணன் தேய்க்கும் சத்தமும் நின்றிருந்தது. நான் மறுபடி தட்டினேன்.